அந்த ஊரில் சைக்கிள் கடை இல்லை

தொலைபேசி மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்கும் ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி முகாமையாளர் கேட்டார். "அனுபவஸ்தன் எல்லே நீ" என்றார். முப்பத்திரண்டு வயதில் அனுபவஸ்தன் ஆவது கனடாவில் எங்கள் சின்னத் தமிழ் வானொலியில் மட்டும்தான் நடக்கும். நான் விலகப்போகிறேன் என்று சொன்ன அன்று, செய்தி வாசிக்கும் அண்ணர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பென்ஷன் காசு வந்தவுடனை எங்களை மறந்திடாதை" என்றார். அடுத்த மாதம் நான் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேருகிறேன். சனி ஞாயிறு லீவு. வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது. வேறு காரணம் எதுவும் இல்லை.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அப்பாவும் அம்மாவும் மன்னார்க் கரையில் கடலோடு வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடம் அவர்களுக்குப் பெருநாள் மாதிரி எப்போதாவது வந்து போனது. நான் ஒலிபரப்பில் டிப்ளோமா எடுத்துக்கொண்டு இந்த வேலைக்கு வந்தபோது அம்மா கேட்டார், "றேடியோவிலை கதைக்கிற வேலையோ?"

"இல்லை அம்மா. மற்றாக்கள் கதைக்கிறதுக்கு லைன் குடுக்கிற வேலை."

அம்மா கொஞ்சம் யோசித்தார். "அதுக்கும் படிக்கவேணுமோ?"

பொத்தான்களை அழுத்தப் படிக்க வேண்டியதில்லை. அதை ஒரே மத்தியானத்தில் உங்களுக்குக் காட்டித் தந்துவிடுவார்கள். எல்லா லைனின் விளக்கும் ஒன்றாக எரியும்போது யாரை ஒலிபரப்புக்கு அனுப்புவது, யாரைப் பொறுக்கச் சொல்வது, யாரிடம் மன்னிப்புக் கேட்டு வைத்துவிடுவது என்பதைக் காட்டித் தர ஒருவரும் இல்லை. அதனால் ஒரு சனிக்கிழமையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அம்மாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை மத்தியான நிகழ்ச்சியை நடத்துபவரை நேயர்கள் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எல்லோருக்கும் அவர் அக்கா. அவரை விட வயது கூடியவர்களுக்கும் அக்காதான். யார் லைனில் வந்தாலும் அக்கா கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஊரிலை எவடம்?" வீட்டுக் கடன் வட்டியைப் பற்றிப் பேச வந்தாலும் கேட்பார், பாட்டுக் கேட்க வந்தாலும் கேட்பார். ஊரைச் சொன்னதும், "அப்ப கோயிலடியோ, சந்தைப் பக்கமோ?" என்று உள்ளே போவார். இரண்டு நிமிடத்துக்குள் பேசுபவர் அக்காவுக்கோ, கேட்டுக்கொண்டிருக்கும் யாருக்கோ சொந்தமாகியிருப்பார்.

பிறம்ரன் நகரில் வெயர்ஹவுஸ் ஒன்றில் வேலை செய்யும் ஒருவர் ஒருமுறை சாப்பாட்டு இடைவேளையில் எடுத்தார். அக்கா ஊரைக் கேட்டார், பிறகு பள்ளிக்கூடத்தைக் கேட்டார். அவர் கேட்ட பாட்டு முடிய முன்னமே இன்னொரு மூலையில், மோர்னிங்சைட் பக்கத்திலிருந்து ஒரு அழைப்பு வந்தது: "அக்கா, உவனும் நானும் ஒரே வாங்கிலை இருந்து படிச்சனாங்கள். உவன் செத்துப்போனான் எண்டெல்லோ நாங்கள் நினைச்சுக்கொண்டிருக்கிறம்!" அன்று பின்னேரம் இருவரும் எங்கள் ஒலிபரப்புக் கலையகத்துக்குக் கீழே ரேக்அவுட் சாப்பாட்டுக் கடை வாசலில் சந்தித்தார்கள். நான் மாடி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. ஒருவர் மற்றவரின் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டார். அடி வாங்கியவர் திருப்பி அடித்தார். அந்தக் கேள்வியை யாரும் குறை சொல்ல முடியாது. எங்கள் நிகழ்ச்சி நின்றதே அதன்மேல்தான்.

நான் சொல்லவரும் சனிக்கிழமை, குடிவரவைப் பற்றி நாடு முழுக்கச் சண்டை நடந்துகொண்டிருந்த நாட்களில் வந்தது. வாடகை ஏறினாலும் வந்தவர்கள்தான் காரணம், பஸ்ஸில் நிற்க இடம் இல்லாவிட்டாலும் வந்தவர்கள்தான் காரணம். தாங்களே வந்தவர்கள் என்பதை மறந்து எங்கள் நேயர்களும் அப்படித்தான் பேசினார்கள். அக்கா ஒரு தலைப்பை எடுத்தார். ஸ்ரேற்றஸ், அதாவது இங்கே இருக்கும் அனுமதி, இல்லாத பிள்ளைகள் கொலிச்சுக்குப் போனால் உள்ளூர்ப் பிள்ளைகளின் கட்டணத்தைக் கட்டினால் போதுமா, வெளிநாட்டு மாணவர்களின் கட்டணத்தைக் கட்டவேண்டுமா?

இது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே பள்ளிக்கூடங்கள் விசாவைக் கேட்காமல் பிள்ளைகளைச் சேர்க்கும். பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் எல்லோரும் ஒரே வாங்கு. அது முடிந்ததும் அகதிக் கேஸ் றிஜெக்ற் ஆன வீட்டுப் பிள்ளை திடீரென்று வெளிநாட்டுப் பிள்ளை ஆகிவிடும். கட்டணம் பல மடங்கு. பெரும்பாலான வீடுகளில் படிப்பு அந்த இடத்தோடு நின்றுவிடும்.

அன்றும் முதல் அழைப்பு அஜக்ஸ் அண்ணையுடையது. அஜக்ஸ் நகரில் இருப்பவர், பெரிய ரக் ஓடுபவர். 401 நெடுஞ்சாலையில் எங்காவது ஓரம்கட்டி நிறுத்திவிட்டுத்தான் எடுப்பார். பின்னால் மற்ற ரக்குகள் போகும் சத்தம் கேட்கும். அவருடைய ஊர் எது என்று நேயர்கள் எல்லோருக்கும் தெரியும். அத்தனை வருடமாக அக்கா கேட்டு அவர் சொல்லியிருக்கிறார்.

"அக்கா, நான் ஒண்டு சொல்லுவன், ஒருத்தரும் கோவிக்கக் கூடாது."

"நீங்கள் சொல்லுங்கோ அண்ணை, கோவிக்கிறவை கோவிக்கட்டும்."

"நான் கேஸ் அடிச்சிட்டு வருஷக்கணக்கா பேஸ்மென்றிலை கிடந்தனான். மனிசியையும் பிள்ளையையும் படத்திலைதான் பாத்தனான். ஒளிச்சு நிக்கேல்லை. இப்ப விசிற்றுக்கு வந்திட்டு நிண்டுகொண்டவை, எங்கட பிள்ளைக்கும் உள்ளூர் ஃபீஸ் தா எண்டு கேட்டா, வரிசையிலை நிண்ட நாங்கள் ஆர்? விசரரோ?"

"பிள்ளையள் என்ன செய்தவை அண்ணை?"

"பொறுங்கோ, முடிக்கேல்லை. ஊரிலை ஒரு தாய் இருக்கிறா. தோட்டக் காணியை வித்துப் பெடியனை இஞ்சை கொலிச்சுக்கு அனுப்பினவா. அவன் ஸ்ருடன்ற் விசா எடுத்து, முழு ஃபீஸையும் கட்டி, ஒரு அறைக்குள்ளை ஆறு பேரோடை படுக்கிறான். சட்டத்தைப் பிடிச்சு நடக்கிறவன் கூடக் கட்டவேணும், நடக்காதவை குறையக் கட்டினாப் போதும் எண்டா, அந்தத் தாய்க்கு என்ன பதில்? ஆரும் சொல்லட்டும். நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

பலர் எடுத்தார்கள். பாதிப் பேர் அவர் பக்கம், பாதிப் பேர் மற்றப் பக்கம். ஆனால் அந்தத் தாயைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எல்லோரும் அந்தக் கேள்வியைத் தொடாமல் விலகிப் போனார்கள்.

பிறகு இலக்கம் காட்டாத ஒரு அழைப்பு வந்தது. ஒரு இளம்பெண்ணின் குரல்.

"அண்ணா, பேர் சொல்லாமல் கதைக்கலாமா?"

"ஓம், கதைக்கலாம். எதைப் பற்றி?"

"லைக்... நான்தான் அது."

"எது?"

"நீங்கள் எல்லாரும் கதைச்சுக்கொண்டிருக்கிற பிள்ளை."

கொலிச்சில் நேர்சிங்குக்கு இடம் கிடைத்திருக்கிறது என்றாள். கட்டணத்தை அப்பா பார்த்தாராம். கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய், கார் விடும் இடத்தில் ஸ்னோ தள்ளத் தொடங்கினாராம். "ஸ்னோவே இல்லை அண்ணா. காலமையே தள்ளினது. சும்மா வெறும் ட்ரைவ்வேயைத் தள்ளிக்கொண்டு நிண்டவர்."

நான் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த அக்காவின் திரைக்கு எழுதி அனுப்பினேன்: பெயர் வேண்டாம், கவனம். அக்கா தலையை ஆட்டினார். லைனைக் கொடுத்தேன்.

அவள் நன்றாகப் பேசினாள். "எனக்கு வரேக்கை ஆறு வயசு. பிளேனிலை யன்னல் சீற் வேணுமெண்டு அழுதனான். கனடாவுக்கு வாறதைப் பற்றி நான் எடுத்த முடிவு அது ஒண்டுதான்." அக்கா சிரித்துவிட்டார். "அந்த அங்கிள் வரிசையைப் பற்றிச் சொன்னார். எனக்கும் வரிசையிலை நிக்க விருப்பம் அங்கிள். எந்த வரிசை எண்டு காட்டுங்கோ, இண்டைக்கே போய் நிக்கிறன். எனக்கெண்டு ஒரு வரிசையும் இல்லை, ஆக்சுவலி அதுதான் பிரச்சினை." பிறகு, "அந்த ஊரிலை இருக்கிற அன்ரி, காணி வித்தவா... அவவைப் பற்றி..." என்று தொடங்கினாள். குரல் நடுங்கியது. "அவவுக்கு நான் என்ன சொல்லுறதெண்டா..."

பிள்ளை அழப்போகிறாள் என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அவளைப் பிடித்து நிறுத்த அக்காவுக்குத் தெரிந்த மிக அன்பான வார்த்தை எதுவோ அதுதான் வாயில் வந்தது.

"அழாதை ராசாத்தி. நீ ஊரிலை எவடம்?"

பெரியவர்கள் ஊரைக் கேட்டால் சொல்லவேண்டும் என்று எங்கள் வீடுகளில் பழக்கியிருக்கிறார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போன பிள்ளை என்று அவள் பேச்சிலேயே தெரிந்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஊரின் பெயரைச் சொன்னாள். "எனக்கு வடிவா ஞாபகமில்லை அக்கா. அப்பாவுக்கு அங்கை சைக்கிள் கடை இருந்ததாம்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கும் புரிந்தது. லைன் வெட்டுப்பட்டது.

அந்த ஊரின் பெயரை நான் இங்கேயும் எழுதமாட்டேன். சின்ன ஊர். அங்கே எத்தனை சைக்கிள் கடை இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். நேரடி ஒலிபரப்பைப் பிடித்து நிறுத்தும் வசதி அப்போது எங்களிடம் இல்லை. சொன்னது சொன்னதுதான். இந்த நகரத்தில் அதிகாரிகள் வீடு வீடாக ஸ்ரேற்றஸ் இல்லாதவர்களைத் தேடித் திரிவதில்லை. தேடவும் தேவையில்லை. எங்கேயோ யாருக்கோ ஒரு எரிச்சல், அவர் எடுக்கும் ஒரு போன், அது போதும். அதற்கு முதல் தேவை, இந்தக் குடும்பம் இன்னார் என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்வது.

அக்கா எப்படியோ விளம்பர இடைவேளைக்குப் போனார். எல்லா லைன் விளக்குகளும் எரிந்தன. நான் ஒவ்வொன்றாக எடுத்தேன்.

"தம்பி, அது எங்கட சைக்கிள்கடைக்காரற்றை பிள்ளையெல்லோ? தகப்பன் தங்கமான மனுசன். லைனைத் தாரும், நான் அவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லோணும்."

"தம்பி, அவை இப்ப எவடத்திலை இருக்கினம்? ஸ்காபரோவோ? எங்கட ஊர்ச் சங்கத்தாலை உடனை ஏதும் செய்வம். றேடியோவிலை சொன்னா எல்லாரும் சேருவினம்."

"அந்தப் பிள்ளையின்ர தாய்க்கு நான் ஒருவகையிலை மச்சாள் முறை..."

ஒருவரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. திட்டுவதற்கு வருபவரை நிறுத்திவைக்க எனக்குப் பழக்கம் உண்டு. அன்போடு ஓடி வருபவரை என்ன சொல்லி நிறுத்துவது? இவர்களில் யாரை அனுப்பினாலும் கண்ணீரோடு அந்தத் தகப்பனின் பெயரைச் சொல்லுவார்.

அக்கா ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்தார். "தம்பி, நான் என்ன செய்துபோட்டன்?"

"அது பிறகு அக்கா. இப்ப அடுத்த கோல்."

"பாட்டைப் போடு. ரெண்டு மூண்டு பாட்டைப் போடு."

"பாட்டுப் போட்டா உவை எல்லாரும் போனைத் தூக்கி ஆளுக்காள் விசாரிக்கத் தொடங்குவினம். தலைப்பை மாத்தினாலும் அதேதான். ஆராவது கதைச்சுக்கொண்டிருக்கவேணும் அக்கா. அவையின்ர காது இஞ்சை இருக்கவேணும்."

"அப்ப ஆர்?"

ஒரு லைனில் அஜக்ஸ் அண்ணை மறுபடியும் காத்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளைக்கு எதிராகப் பேசுபவர். அதே ஊர்க்காரர் வேறு. அன்று காத்திருந்தவர்களில் ஆபத்தானவர் அவர்தான் என்று யாரும் சொல்லியிருப்பார்கள். அக்கா கையை விரித்து, "அவரையோ? வேண்டாமடா" என்றார்.

ஆனால் அவருடைய அழைப்புகளை எடுத்தவன் நான். அந்த மனிதர் பிரதமரைத் திட்டியிருக்கிறார், மாநகரசபையைத் திட்டியிருக்கிறார், எங்கள் வானொலியைத் திட்டியிருக்கிறார். ஆனால் ஒருநாளும் 'உவன் இன்னாற்றை மகன், உவையின்ர குடும்பம் இப்பிடி' என்று ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்கு ஆள் முக்கியம் இல்லை, வாதம்தான் முக்கியம். இந்த மேசையில் நீங்கள் பழகவேண்டியது இதைத்தான். ஒருவர் என்ன பேசுவார் என்பது முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். என்ன பேசமாட்டார் என்பது தெரியக் காலம் எடுக்கும். நெருக்கடி வரும்போது இரண்டாவதுதான் கைகொடுக்கும்.

"அண்ணை, என்ன கதைக்கப்போறியள்?"

"ஃபீஸைப் பற்றி. வேறை என்ன?"

"அந்தப் பிள்ளை சொன்ன ஊர்..."

"என்ர ஊர்தான். எனக்குக் காது கேக்குது. லைனைத் தாரும்."

கொடுத்தேன்.

"அக்கா, நான் ஒண்டு சொல்லுவன், அந்தப் பிள்ளை கோவிக்கக் கூடாது. நான் எந்த ஊரெண்டு உங்கள் எல்லாருக்கும் தெரியும். அங்கைதான் பிறந்து வளந்தனான். எங்கட ஊரிலை சைக்கிள் கடை ஒருக்காலும் இருக்கேல்லை."

அக்கா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"டியூப்புக்குக் காத்துப் போனாலும் அடுத்த ஊருக்கு உருட்டிக்கொண்டுதான் போறனாங்கள். அந்தப் பிள்ளை வாயிலை வந்த ஒரு ஊரைச் சொல்லியிருக்கிறாள். கெட்டிக்காரி. தான் ஆரெண்டு காட்டாமல் கதைச்சிருக்கிறாள். அது சரி. ஆனா ஃபீஸ் விசயத்திலை அவள் சொன்னது முழுப் பிழை. வரிசை இல்லையெண்டா அரசாங்கத்திட்டை வரிசை கேக்கவேணும், ஃபீஸிலை விலைக்கழிவு கேக்கக் கூடாது..." என்று பிடித்தார். நிறுத்தவில்லை. குரலில் ஒரு பொட்டு இரக்கம் இல்லை. வழக்கத்தை விடக் காரம் கூடவாக இருந்தது.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் அடுத்த லைனை எடுத்தேன். வயதான ஒரு அன்ரி. கொதித்துக்கொண்டிருந்தார்.

"உவன் ஏன் தம்பி உப்பிடி மொட்டைப் பொய் சொல்லுறான்? கடை இல்லையாமோ? நாள் முழுக்க அந்தக் கடை வாங்கிலைதானே உவன் கிடந்தவன்! தாய் வந்து காதிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு போறவா. லைனைத் தாரும், நான் உவனை நாறடிக்கிறன்!"

"அன்ரி, ஒரு நிமிஷம். அந்தக் கடை இருந்தது எண்டு நீங்கள் சொன்னா, அந்தப் பிள்ளை ஆரெண்டு ஊருக்கே தெரிஞ்சுபோகும். அவையிட்டைப் பேப்பர் இல்லை அன்ரி. ஆராவது ஒரு போன் அடிச்சா..."

அந்தப் பக்கம் அடுப்பில் ஏதோ தாளிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஓ," என்றார். பிறகு, "அப்பிடியோ சங்கதி. அப்ப நானும் சொல்லட்டே தம்பி, கடை இல்லையெண்டு?"

அவரை அனுப்பினேன். அன்ரி ஒலிபரப்பில் வந்து, தன் கலியாணத்துக்கு முதல் தொடக்கம் இடம்பெயர்ந்து போகும் வரைக்கும் அந்த ஊரில் சைக்கிள் கடை என்ற பேச்சுக்கே இடமில்லை என்று சாமி மேல் ஆணையிட்டார். அவரைக் கேட்டதும் மற்றவர்களுக்கும் புரிந்துவிட்டது. பெயர் சொல்ல வந்திருந்தவர்கள் எல்லோரும் அதே லைன்களில் காத்திருந்து, ஒருவர் பின் ஒருவராக வந்து, கடை இல்லை என்று சாட்சி சொன்னார்கள். அதோடு கட்டணத்தைப் பற்றித் தங்கள் கருத்தையும் சொன்னார்கள். அவர்களில் பாதிப் பேர் அந்த விஷயத்தில் பிள்ளைக்கு எதிர்தான். ஒருவர் ஆர்வக்கோளாறில், "கடையை விடுங்கோ அக்கா, எங்கட ஊரிலை சைக்கிளே இல்லை, எல்லாரும் நடைதான்" என்றார். அக்கா மைக்கை அணைத்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் அஜக்ஸ் அண்ணைக்கு எடுத்தேன்.

"அண்ணை, அந்தக் கடை..."

"எந்தக் கடை?"

"சரி அண்ணை. நன்றி. நீங்கள் அந்தப் பிள்ளைக்கு எதிரெண்டு நினைச்சன்."

"எதிர்தான். அடுத்த சனியும் எதிர்தான். வைக்கிறன், ரக்கை எடுக்கவேணும்."

அக்கா சில கிழமைகளுக்கு ஒருவரிடமும் ஊர் கேட்கவில்லை. "அக்காவுக்கு எங்களோடை என்ன கோவம்?" என்று நேயர்கள் என்னைக் கேட்டார்கள். அந்தக் கேள்வி இல்லாமல் நிகழ்ச்சி உப்பில்லாத சாப்பாடாக இருந்தது. கடைசியில் நானும் அக்காவும் இருந்து யோசித்து ஒரு வழி செய்தோம். இப்போது நீங்கள் லைன் கொடுப்பதற்கு முதல், "அக்கா ஊர் கேட்டால் பரவாயில்லையோ?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறீர்கள் அல்லவா? நேரம் வீண் என்று உங்களில் ஒருவர் முகாமையாளரிடம் முறைப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். அது அந்தச் சனிக்கிழமை வந்த வழக்கம். தயவுசெய்து அதைக் கைவிடாதீர்கள்.

அந்தப் பிள்ளையை எங்களால் தேடிப் போக முடியவில்லை. இலக்கம் இல்லை, பெயர் இல்லை. தேடுவதே அவளுக்கு ஆபத்து. அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த கிழமை, பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளுக்கு மேற்படிப்பு ஆலோசனை சொல்லும் ஒரு நேயர் என் மேசைக்கு எடுத்தார். நகரத்தில் ஒரு இடத்தில் ஸ்ரேற்றஸ் இல்லாத பிள்ளைகளை உள்ளூர்க் கட்டணத்தில் எடுக்கிறார்கள், வெளியே பலருக்குத் தெரியாது என்றார். விசாரித்தோம், உண்மைதான். ஒரு பிள்ளைக்குச் சொல்ல வழி இல்லாததால் எல்லோருக்கும் சொன்னோம். கலியாண மண்டப விளம்பரத்துக்கும் வீடு விற்பவரின் விளம்பரத்துக்கும் நடுவில் அக்கா அந்த விவரத்தை ஒவ்வொரு சனியும் வாசித்தார். "உங்களுக்குத் தேவை இல்லாட்டிலும் கேட்டு வையுங்கோ, தேவைப்படுற ஆருக்காவது சொல்லுவியள்" என்பார்.

கோடை தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை, நிகழ்ச்சி முடியும் நேரம், இலக்கம் காட்டாத அழைப்பு.

"அண்ணா, ஊர் கேக்க மாட்டீங்கள்தானே?"

குரல் தெரிந்தது. "கேக்க மாட்டன்" என்றேன்.

"கிடைச்சிட்டுது. அக்கா வாசிச்ச இடத்திலை. நேர்சிங் இல்லை, வேறை கோர்ஸ். முதல் ரெண்டு மூண்டு பாடம் எடுத்துப் பாஸ் பண்ணவேணும். பிறகு முழுசா எடுப்பினம். உள்ளூர் ஃபீஸ்."

"அப்பா என்ன சொன்னவர்?"

"இப்ப தள்ள ஸ்னோவும் இல்லை, கார் கழுவினவர்."

இருவரும் சிரித்தோம். அவர்களுடைய கேஸ் இன்னும் அப்படியேதான் இருக்கிறது என்றாள். அதைப் பற்றி நான் மேலே கேட்கவில்லை.

"அக்காவோடை கதைக்கப்போறீரோ? அக்கா சந்தோசப்படுவா."

"ஓம், பிறகு. முதல் எனக்கு அந்த அஜக்ஸ் அங்கிளோடை கதைக்கவேணும். றேடியோவிலை இல்லை. சும்மா."

"நன்றி சொல்லவோ?"

"நன்றியும்தான். ஆனா அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லேல்லை அண்ணா. காணி வித்த அன்ரி. கொலிச்சிலை ஃபீஸ் கட்டின அண்டைக்கு அவவைத்தான் நினைச்சன். அவவின்ர மகன் கட்டுறதை விட நான் குறையக் கட்டினனான். எனக்கு இன்னும் பதில் தெரியாது. அங்கிளுக்குத் தெரியுமோ எண்டு கேக்கவேணும்."

ஒரு நேயரின் இலக்கத்தை இன்னொரு நேயருக்குக் கொடுக்கக் கூடாது. அதை உங்களுக்கும் சொல்லித் தந்திருப்பார்கள். அவளைப் பொறுக்கச் சொல்லிவிட்டு அஜக்ஸ் அண்ணைக்கு எடுத்து விஷயத்தைச் சொன்னேன். ரக்கின் எஞ்சின் நிற்கும் சத்தம் கேட்டது.

"தம்பி, ஒண்டு. நான் அந்தப் பிள்ளைக்கு விட்டுக்குடுக்க மாட்டன்."

"அவவும் விட்டுக்குடுக்க மாட்டா போலதான் கிடக்கு அண்ணை."

"அப்ப சரி. தாரும்."

இரண்டு லைனையும் சேர்த்தேன். "அங்கிள், நான் இண்டைக்கும் உங்களுக்கு எதிர்தான்" என்று அவள் தொடங்குவது கேட்டது. "பின்னை? அப்பிடியெண்டாத்தானே கதைக்கலாம். சொல்லு பிள்ளை" என்றார் அவர். நான் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

கீழே போய் இரண்டு தேத்தண்ணி வாங்கி வந்தேன். அக்கா கலையகத்தை விட்டு வெளியே வந்து, என் மேசையில் அந்த லைன் இன்னும் திறந்திருப்பதைப் பார்த்தார். யார் என்று கேட்டார். சொன்னேன். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்குப் பக்கத்தில் இருந்து, தேத்தண்ணியை ஊதிக் குடித்தார்.

"ஆர் வெல்லுறது?"

"நான் கேக்கேல்லை அக்கா."

அக்காவும் ஹெட்போனைத் தொடவில்லை. தேத்தண்ணி முடிந்த பிறகும், அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று இருவரும் இருந்தோம்.